பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா வீட்டு ஹாலில் எல்லோரும் சேர்ந்து அந்த வெப் சீரிஸைப் பார்ப்பது என்று முடிவானபோது, அதற்கு 'இரண்டாம் ஆராதனை' என்று பெயர் வைத்தவன் நான். காலையில் சர்ச், மாலையில் இது. காலை ஆராதனையில் தூங்குவேன், மாலை ஆராதனையில் ஜோக்கடிப்பேன். மற்றபடி எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஆறே வீடுகள் கொண்ட சின்ன அபார்ட்மெண்ட் எங்களுடையது. தரைத்தளத்தில் நானும் என் மனைவியும். முதல் மாடியில் அக்கா, தனியாக. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். இந்த நாலு பேர்தான் சபை. அக்கா வீட்டு டீவி பெரியது என்பதால் அங்கே கூடுவோம். அக்காவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஆகவே அவளுக்கு வலது பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலி எனக்கென்று ஒதுக்கப்பட்டது. அழுகைக் காட்சிகளில் அங்கிருந்து நான் அவள் காதில் ஓட்டுகிற கமெண்ட்டுக்காகத்தான் அவள் சீரிஸே பார்க்கிறாள் என்று என் மனைவி சொல்வாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நிரந்தர உத்தியோகம் அந்த நாற்காலிதான்.

எட்டு எபிசோடும் மொத்தமாக வந்துவிட்டாலும் வாரத்துக்கு ஒன்றுதான் பார்க்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியரின் சட்டம். ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே வேளையில் யாராவது சாப்பிடுவார்களா என்று கேட்டார். எபிசோட் முடிந்ததும் டீவியை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதை யாரும் ஏற்படுத்தவில்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களில் வளர்ந்தவர்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் கடைசியில் சாட்சி சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. அது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம்.

கதை இதுதான். ஒரு மலையூரில் பெரிய பங்களா. அப்பன் மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி அடிக்கிறான். அவள் தப்பித்து ஓடி ஓரிடத்தில் ஒளிந்துகொள்கிறாள். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண் பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். ஒளிந்த இடத்தைச் சொன்னது யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கதை எபிசோடுக்கு எபிசோடு ஓடுகிறது. வீட்டில் ஒரு ஆயா இருக்கிறாள். கேமரா அவளைக் காட்டும்போதெல்லாம் பின்னணியில் ஒரு வயலின் இழுக்கும். அது போதாதா எங்களுக்கு? முதல் வாரமே ஆயாவுக்குத் தண்டனை கொடுத்துவிட்டோம். தலைமை ஆசிரியர் சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம் என்றார். என் மனைவி, அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள். நான் ஆயாவுக்கு 'வயலின் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தேன். அக்கா சிரித்தாள். அந்தப் பெண்ணை வேனில் ஏற்றுகிற காட்சியில் மட்டும் அவள் சிரிக்கவில்லை. பார்க்கவும் இல்லை, சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உலகமே அந்த சீரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவியின் போனில், அதைப் பார்த்து அழுகிறவர்களின் வீடியோக்கள் வரும். யாரோ ஒரு பெண் பார்த்து அழுவாள், அவள் அழுவதைப் பார்த்து என் மனைவி அழுவாள். அதையும் நான் படம் பிடித்துப் போடலாமா என்று கேட்டு, ஒருநாள் காபி இல்லாமல் ஆபீஸுக்குப் போனேன்.

ஐந்தாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியவன் பொறுக்க முடியாமல் போனில் ஆறாவது எபிசோடைப் போட்டுவிட்டேன். நான் இறங்க வேண்டியது கிண்டி. சொன்னது ஆயா இல்லை. தம்பி. அதுவரை டைனிங் டேபிளில் ஜோக்கடிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத, எல்லோருக்கும் பிடித்த, அந்தப் பெண்ணின் தம்பி. எதிரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, சார், தண்ணி வேணுமா என்றார். கடற்கரை ஸ்டேஷனில் ரயில் காலியானபோதுதான் நான் கிண்டியைத் தாண்டி வந்தது தெரிந்தது.

நான் ஏன் அப்படி ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருடங்களாகச் சொல்லாததால் எங்கே தொடங்குவது என்பதில் கொஞ்சம் குழப்பம் உண்டு.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வண்டலூர்ப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அத்தான் அடிப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதுபோல் ஒரு பையோடு கிளம்பி, உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி பொத்தேரியில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்விட்டாள். அந்தத் தோழியைத் தவிர, அவள் அங்கே இருப்பது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அக்கா பி.சி.ஓ.விலிருந்து கூப்பிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள். வேலை தேடுகிறேன் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த தம்பிமேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை சாயங்காலம் சேலையூரில் வீட்டு ஜெபக்கூட்டம். முடியும் முன்னால் நடத்துகிற மூப்பர், ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்பார். ஒருவர் முழங்கால் வலி என்பார், இன்னொருவர் மகனுடைய விசா என்பார். கூச்சமான விஷயமென்றால் பேர் சொல்லக்கூடாது. 'ஒரு சகோதரி', 'ஒரு குடும்பம்' என்றுதான் சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் கண்ணை மூடுவார்கள். மூடின கண்ணுக்குள் அந்தக் குடும்பம் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்கள் பேசினால் அது வம்பு. நாங்கள் பேசினால் குறிப்பு.

அன்றைக்கு நான் எழுந்தேன். இருபத்திரண்டு வயது வரை அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து ஒரு குறிப்பும் கொடுத்ததில்லை. ஆண்டவர் அக்காவைப் பாதுகாக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன், அது பொய்யில்லை. ஆனால் கோமாளி என்று எல்லோரும் நினைக்கிற என்னிடம் முதல்முறையாக ஒரு கனமான விஷயம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்போல் இருந்ததும் பொய்யில்லை.

"ஒரு சகோதரி, புருஷன் கொடுமை தாங்காம வீட்டை விட்டு வந்து, பொத்தேரில ஒரு டீச்சர் ரூமில தங்கியிருக்காங்க. அவங்க பாதுகாப்புக்காக ஜெபிச்சுக்கணும்."

பேரைச் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்ட முன்ஜாக்கிரதை அவ்வளவுதான்.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அத்தானின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை, அவ்வளவு உருக்கமாக ஜெபித்தார்.

மறுநாள் மூப்பர், அப்பா, அத்தான், இன்னும் இரண்டு பேர், ஒரு வேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு மூப்பர், ஆண்டவர் வெளிப்படுத்தினார் என்றாராம். அக்கா பக்திதான், ஆனால் கணக்கு டீச்சர். தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் தன் தம்பி. மீதி யார் என்று போட்டுப் பார்த்தாள். தோழிக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அதை வாங்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டவன் நான்.

அடுத்த வியாழக்கிழமை பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்ததற்காக மூப்பர் நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், "நீதான்னு அவகிட்ட எப்பவும் சொல்லிடாத." நான் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், இட்லி ஆறிப்போயிருந்தது என்று அத்தான் அறைந்ததில் அக்காவின் இடது காது போயிற்று. அத்தான் அதற்கப்புறமும் பதினோரு வருடம் இருந்தார். கல்லீரல் கெட்டுச் செத்தார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்கா எங்கள் மாடிக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் வலது காதில் நான் ஜோக்கடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஆறாவது எபிசோடை அவள் பார்க்கக்கூடாது. அந்த ஞாயிறு மூன்றரை மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய், அவள் டீ போடும் நேரத்தில் மோடத்தின் ஒயரைப் பிடுங்கி சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நெட் இல்லையே என்று உச்சுக்கொட்டினேன். பள்ளிக்கூட லேபில் நாற்பது வருடம் பையன்களின் திருட்டுத்தனத்தைப் பிடித்தவர் தலைமை ஆசிரியர். குனிந்து, ஒரே நிமிடத்தில் ஒயரை எடுத்து மாட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்துத் தியேட்டரில் நகைச்சுவைப் படம் ஓடுகிறது, எல்லோரையும் நான் கூட்டிப் போகிறேன் என்றேன். சொந்தச் செலவில் நான் எதையும் செய்பவன் இல்லை என்பதால் என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ஆறாவது எபிசோட் ஓடியது. நான் ஒரு கமெண்ட்டும் அடிக்கவில்லை. தம்பி அப்பனிடம் போய் நின்று, கொஞ்சம் பெருமையோடு வாயைத் திறக்கிற காட்சி வந்தபோது என் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீவியை அணைத்ததும் தலைமை ஆசிரியர், அந்தப் பையனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். அவர் பணிக்காலத்தில் ஒரு பிள்ளைமேலும் கை வைக்காதவர். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அப்பனாவது நேரா அடிச்சான். இவன் கூடவே உட்கார்ந்து சிரிக்க வெச்சுக்கிட்டே இருந்தான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல." என்னைத் தொட்டது என்ன என்று கேட்டார்கள். ஒளிப்பதிவு நன்றாக இருந்தது என்றேன்.

அக்கா கடைசியாகத்தான் பேசினாள்.

"எனக்குத் தம்பி பத்தி ஒண்ணும் தோணல. அந்த ஆயாதான் மனசுல நிக்கிறா. அஞ்சு வாரமா நாம அவளைத் திட்டினோமே."

அதன் பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். தலைமை ஆசிரியருக்கு அது தெரியாது. பொத்தேரி, தோழி, கடிதம். தோழி சொல்லியிருந்தாலும் யார் மிரட்டிச் சொன்னாளோ, நான் கேட்கவே இல்லையே என்றாள். அந்தத் தோழி இப்போது கீழ்க்கட்டளையில் இருக்கிறாளாம். பழைய டீச்சர் ஒருத்தி கொடுத்த முகவரியை அக்கா நாலு வருடமாகப் போனில் வைத்திருக்கிறாளாம்.

"நேர்ல போய், உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லிடணும்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை வண்டில கூட்டிட்டுப் போடா."

பத்துப் பிரசங்கம் செய்யாததை ஒரு சீரிஸ் செய்துவிட்டது என்று தலைமை ஆசிரியர் நெகிழ்ந்தார். என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டாள். நான் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், காலி டம்ளர்களை மூன்று முறை கழுவினேன்.

சனிக்கிழமை அக்கா சாம்பல் நிறக் காட்டன் சேலை கட்டி, அரைக் கிலோ பால்கோவா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். ஒருக்களித்து உட்காருகிறவள் என்பதால் அவளுடைய நல்ல காது என் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்காது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. கேம்ப் ரோடு தாண்டும் வரை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செம்பாக்கத்தில் ஒரு ஜோக் சொன்னேன். மேடவாக்கம் சிக்னலில் இன்னொன்று. அக்கா இரண்டுக்கும் சிரித்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். செய்யாத தப்புக்காக ஒருத்தியை மன்னிக்கப் போகிற சந்தோஷம்.

கோவிலம்பாக்கம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பி, காற்று கம்மியாக இருக்கிறது என்றேன். காற்றுப் பிடிக்கிறவர் டயரை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா சார், காத்து ஃபுல்லா கீதே."

அவர் போகும்வரை காத்திருந்தேன். அக்கா பால்கோவாப் பெட்டியோடு நிழலில் நின்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றாமல் பேசினால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, அவங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"பொத்தேரில இருக்கன்னு. வியாழக்கிழமைக் கூட்டத்துல. ஜெபக் குறிப்பா."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் போர்டில் தப்பு எங்கே என்று தேடுவதுபோல் வரி வரியாகப் பார்த்தாள்.

"பேரைச் சொன்னியா?"

"இல்ல. ஒரு சகோதரின்னுதான்."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று ஒரு வினாடி நம்பினேன். எதற்கும் அவள் சிரித்துவிடுவாள் என்று நம்பியே வாழ்ந்தவன் நான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செத்துப்போன அம்மாவுக்காக ஒரு பொய். ஆனால் வாயிலிருந்து தெரியும் என்று வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். என் பேரைக் கேட்டபோது பிடிக்காத கம்பம்.

"வண்டியை எடு," என்றாள்.

கீழ்க்கட்டளையில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. கேட்டில் கணக்கு டியூஷன் என்று ஒரு சின்ன போர்டு. கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டது தெரிந்தது, ஏனென்றால் கேட்டைத் திறக்கவில்லை.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் கிளம்பினேன்," என்றாள் அக்கா. "வழில வேற ஒண்ணு தெரிஞ்சது." என் பக்கம் திரும்பாமலே, "சொல்லு," என்றாள்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். நாலு வாக்கியம்கூட இல்லை.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. அக்காவிடம்தான் பேசினார், பாடம் சொல்கிற குரலில். வேனில் ஆட்கள் வந்து கத்திவிட்டுப் போன வாரமே ஹவுஸ் ஓனர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். பள்ளிக்கூடத்திலும், குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்று பேச்சாகி வேலையை விட வேண்டி வந்ததாம்.

"அதெல்லாம் போகட்டும். உன் நாலு பக்கத்தைப் படிச்சிட்டு, எங்கயாவது எனக்கே தெரியாம வாய் தவறிச் சொல்லிட்டேனோன்னு யோசிச்சேன் பாரு. இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். கடைக்காரர்கிட்டயா, பால்காரர்கிட்டயா, ரெண்டு டிக்கெட்டுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டேனே, அதாலயான்னு."

அக்கா கேட்டின் கம்பிகளுக்கு மேலாகப் பால்கோவாப் பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டைத் திறந்தார். அக்கா உள்ளே போனாள். கேட் என் முன்னால் சாத்தப்பட்டது. ஒன்றரை மணி நேரம் எதிர்ச் சுவரோரம் நின்றேன். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய் உடனே திரும்பினார்கள், இன்றைக்கு லீவாம். கடைசியில் அக்கா வெளியே வந்து, "நீ போ. நான் ஆட்டோல வரேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போக வேண்டாம் என்றிருந்தேன். நாலு மணிக்கு அக்கா போன் செய்து வரச் சொன்னாள். தலைமை ஆசிரியர் ஆவலாக இருந்தார். போன காரியம் எப்படி, அந்தம்மா அழுதாங்களா என்று கேட்டார்.

"அவன் சொல்லுவான்," என்றாள் அக்கா.

டீவி இன்னும் போடவில்லை. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது, குறிப்புச் சொல்வதென்றால் எங்களுக்கு எழுந்துதான் பழக்கம்.

"ஒரு தம்பி," என்று ஆரம்பித்தேன். "அவனுக்கு ஒரு அக்கா இருந்தாங்க."

"பேரைச் சொல்லு," என்றாள் அக்கா.

சொன்னேன். என் பேர், அக்கா பேர், மூப்பர் பேர், அத்தானின் பெரியம்மா பேர், அம்மா பேர். ஒவ்வொரு பேருக்கும் அக்கா தலையசைத்தாள், வருகைப் பதிவு எடுப்பதுபோல.

தலைமை ஆசிரியர் வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய தோல் செருப்பு இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி அழவில்லை. யாரோ முகம் தெரியாதவர்களுக்காக ஐந்து வாரம் அழுதவள், என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் முதல் தடவை பார்ப்பதுபோல.

அக்கா ரிமோட்டை எடுத்தாள். ஏழாவதைப் பார்க்கலாம் என்றாள். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டுத் தன் வலது பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"நீ இங்க வா."

காலியாக இருந்தது இடது பக்கத்து நாற்காலி மட்டும்தான். வெளியே போ என்று அவள் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன். படம் ஓட ஆரம்பித்தது. ஆயாவைக் காட்டினார்கள், வயலின் இழுத்தது. பழக்க தோஷத்தில் அக்கா பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தேன். நான் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

எட்டாவதும் பார்த்தாயிற்று. இப்போது வேறொரு சீரிஸ் ஓடுகிறது, ஞாயிறு நாலு மணி மாறவில்லை. கீழ்க்கட்டளையிலிருந்து அந்த அம்மாளும் சில வாரம் வருகிறார், அவருக்கு வலது பக்கம். என் நாற்காலி இடது பக்கம்தான்.